கரும் ஆற்றலை விரிதாளில் அளப்பது எப்படி

தென்னாப்பிரிக்கப் பள்ளியின் கடைசி ஆண்டான மேட்ரிக்கில், இயற்பியலில் டாப்ளர் விளைவு முடியும் இடத்தில் செம்பெயர்ச்சி வருகிறது. தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது, ஆகவே பேரண்டம் விரிகிறது என்று சொல்லிப் பாடம் நின்றுவிடும். அந்த விரிவின் வேகம் கூடிக்கொண்டு போகிறதா, கூடுகிறதென்றால் அப்படி முடுக்கும், இன்னதென்று தெரியாத கரும் ஆற்றலின் பங்கு பேரண்டத்தில் எவ்வளவு என்ற அடுத்த கேள்விக்கு விடை காணத் தொலைநோக்கி தேவையில்லை. சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ மேரிட்ஸ்பர்க்கிலோ வீட்டில் இருக்கும் சாதாரண மடிக்கணினி போதும். தரவு இலவசமாகக் கிடைக்கிறது. லிப்ரே ஆபீஸ் விரிதாளும் இலவசம். தரவுக் கோப்பு ஒரு கைப்பேசிப் புகைப்படத்தைவிடச் சிறியது, டேட்டா செலவு என்று பெரிதாக ஒன்றும் ஆகாது. கவனமாகச் செய்தால் ஒரு பிற்பகல் பிடிக்கும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்வதற்கும் ஏற்ற வேலை. அதைப் பிரித்துக் கொடுக்கும் முறை கீழே வருகிறது.

எதைத் தேடுகிறோம்

ஒன்ஏ வகை சூப்பர்நோவா என்பது வெண்குறு விண்மீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) ஒன்று வெடித்துச் சிதறுவது. இவ்வகை வெடிப்புகள் உச்சத்தில் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியைத் தருகின்றன. மெதுவாக மங்குபவை சற்றுக் கூடுதல் வெளிச்சம், வேகமாக மங்குபவை சற்றுக் குறைவு. இதையும் நிறத்தையும் வைத்துத் திருத்திய பிறகு, ஒன்றுக்கொன்று வேறுபாடு சுமார் 0.15 மேக்னிட்யூட் (வானியலில் வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சுருங்குகிறது. 5 மேக்னிட்யூட் என்பது 100 மடங்கு வெளிச்சம் என்பதை நினைவில் வையுங்கள். உண்மையான வெளிச்சம் தெரிந்த விளக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ, அதிலிருந்து தொலைவு வந்துவிடும். 1998-இல் இரண்டு குழுக்கள் இதைச் செய்து பார்த்தபோது, தொலைவிலுள்ள சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவருக்கும் 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

அந்த "மங்கல்" எவ்வளவு என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். செம்பெயர்ச்சி 0.5-இல் மூன்று மாதிரிப் பேரண்டங்களை ஒப்பிடுவோம். மூன்றிலும் ஹபிள் மாறிலி, அதாவது இன்றைய விரிவு வேகம், 70 (ஒரு மெகாபார்செக் தொலைவுக்கு நொடிக்கு 70 கிலோமீட்டர்; ஒரு மெகாபார்செக் சுமார் 33 லட்சம் ஒளியாண்டு).

முழுக்கப் பொருளால் நிறைந்த பேரண்டத்தில் தொலைவு எண் (கூடினால் தொலைவும் மங்கலும் கூடும், விளக்கம் கீழே) 41.86. ஒன்றுமே இல்லாத, வேகம் கூடாமலும் குறையாமலும் விரியும் வெற்றுப் பேரண்டத்தில் 42.14. 30 விழுக்காடு பொருளும் 70 விழுக்காடு கரும் ஆற்றலும் உள்ள பேரண்டத்தில் 42.26.

வெற்றுப் பேரண்டத்துக்கும் கரும் ஆற்றல் உள்ளதற்கும் இடையிலான வேறுபாடு வெறும் 0.12 மேக்னிட்யூட். வெளிச்சத்தில் சொன்னால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. விரிவு முடுக்கப்படுகிறது என்று சொல்வதற்கான ஆதாரம் இந்த 0.12-இல்தான் இருக்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு எச்சரிக்கையும் இந்த எண்ணைக் காப்பாற்றுவதற்கானது. ஒரு தவறு 0.01 மேக்னிட்யூட் என்றால் விட்டுவிடலாம். 0.1 என்றால் உங்கள் விடை பொய்.

(வானியலார் டிஸ்டன்ஸ் மாடுலஸ் என்பதையே இங்கே தொலைவு எண் என்கிறோம். மெகாபார்செக்கில் உள்ள ஒளித்தொலைவின் (மங்கலிலிருந்து கணக்கிடும் தொலைவு) பத்தடி மடக்கையை 5-ஆல் பெருக்கி, 25-ஐக் கூட்டினால் வருவது.)

தரவு

முதல் முயற்சிக்கு யூனியன் 2.1 தொகுப்பை எடுங்கள். 2012-இல் வெளிவந்தது, 580 சூப்பர்நோவாக்கள், செம்பெயர்ச்சி 0.015-இலிருந்து 1.41 வரை. புதிய பாந்தியன் பிளஸ் தொகுப்பு இதைவிடச் சிறந்தது, 1550 சூப்பர்நோவாக்களின் 1701 ஒளிவளைவுகள் (வெளிச்சம் ஏறி இறங்குவதன் பதிவுகள்) அதில் உண்டு. ஆனால் அதைச் சரியாகக் கையாள பிழைகள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்று காட்டும் 1701-க்கு 1701 பிழை அணி ஒன்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அது 28 லட்சத்துக்கு மேற்பட்ட எண்கள், விரிதாள் மூச்சுத் திணறிவிடும். யூனியன் 2.1-இல் தொடங்கிப் பழகிவிட்டுப் பிறகு அங்கே போவதே நல்லது.

யூனியன் கோப்பில் ஐந்து பத்திகள்: சூப்பர்நோவாவின் பெயர், செம்பெயர்ச்சி, தொலைவு எண், அதன் பிழை, கடைசியாக அது சிறிய விண்மீன் மண்டலத்தில் வெடித்திருப்பதற்கான நிகழ்தகவு. தொடக்கத்தில் ஹேஷ் குறியுடன் சில விளக்க வரிகள் இருக்கும், நீக்கிவிடுங்கள்.

இங்கேதான் தென்னாப்பிரிக்காவில் பாதிப் பேர் இடறுகிறார்கள். நம் நாட்டு அமைப்பில் விண்டோஸ் தசமத்துக்குப் புள்ளி போடுவதில்லை, காற்புள்ளி போடுகிறது. தரவுக் கோப்பிலோ எல்லாம் புள்ளி. அப்படியே திறந்தால் 0.0284 என்பது எண்ணாக ஏறாமல் வெறும் எழுத்தாக உட்கார்ந்துவிடும். கூட்டினால் சுழி வரும், வரைபடம் வெறுமையாக இருக்கும், சில நேரம் தேதியாகக்கூட மாறிவிடும். கோப்பைத் திறக்கும்போது வரும் இறக்குமதிச் சாளரத்தில் மொழியை அமெரிக்க ஆங்கிலம் என்றும், பிரிப்பானை டேப் என்றும் தேர்ந்தெடுங்கள். ஏறிய பிறகு எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். இடப்பக்கம் ஒட்டியிருந்தால் அவை எழுத்து. செம்பெயர்ச்சிப் பத்தியில் எத்தனை எண்கள் என்று எண்ணச் சொன்னால் 580 வரவேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

செம்பெயர்ச்சி எண் எங்கிருந்து வருகிறது

இரண்டாம் பத்தியில் உள்ள எண் பெரும்பாலும் சூப்பர்நோவாவைத் தாங்கியிருக்கும் விண்மீன் மண்டலத்தின் நிறமாலையிலிருந்து எடுக்கப்படுவது. சதர்லாந்தில் 2005 முதல் இயங்கும் சால்ட் தொலைநோக்கி, 91 அறுகோணக் கண்ணாடிகள் சேர்ந்த அந்தப் பெரிய கண், சிறப்பாகச் செய்யும் வேலைகளில் நிறமாலை எடுப்பது முக்கியமானது. கணக்கு எளிது: கோடு தெரியும் அலைநீளத்தை ஆய்வக அலைநீளத்தால் வகுத்து 1-ஐக் கழியுங்கள். ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு வெற்றிடத்தில் 6564.6 ஆங்ஸ்ட்ராம். அது 7221.1-இல் தெரிந்தால் செம்பெயர்ச்சி 0.100.

ஆனால் ஒரே ஒரு கோட்டை நம்பி எழுதக் கூடாது. அதே 7221-இல் தெரிவது 3728 ஆங்ஸ்ட்ராம் ஆக்சிஜன் கோடாக இருந்தால் செம்பெயர்ச்சி 0.94 ஆகிவிடும். ஹைட்ரஜன் ஆல்ஃபா என்றால், 4862.7-இன் ஹைட்ரஜன் பீட்டா 5349-இலும், 5008.2-இன் ஆக்சிஜன் கோடு 5509-இலும் இருக்க வேண்டும். இரண்டாவது கோடு கிடைத்தால்தான் நம்புங்கள். 5577-இல் கூர்மையான கோடு தெரிந்தால் அது நம் சொந்த வளிமண்டல ஆக்சிஜன், எந்த விண்மீன் மண்டலத்துக்கும் சொந்தமில்லை.

பழைய பாடநூல்களில் ஹைட்ரஜன் ஆல்ஃபா 6562.8 என்று இருக்கும். அது காற்றில் அளந்தது. காற்று, வெற்றிடம் இரண்டையும் கலந்தால் நொடிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் பிழை வரும். இன்னும் பெரியது சூரியனின் சொந்த ஓட்டம். அண்ட நுண்ணலைப் பின்னணியை (இளம் பேரண்டத்திலிருந்து எல்லாத் திசையிலும் வந்துசேரும் ஒளி) வைத்துப் பார்த்தால் நாம் நொடிக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம், செம்பெயர்ச்சியில் இது 0.0012. தொலைவில் இது ஒன்றுமில்லை. செம்பெயர்ச்சி 0.015-இல் இருக்கும் மண்டலத்துக்கோ, நம் ஓட்டத்தின் திசையிலோ எதிர்த்திசையிலோ இருந்தால், இது 8 விழுக்காடு, 0.18 மேக்னிட்யூட் வரை போகும். நாம் தேடும் குறியைவிடப் பெரிய பிழை! பாந்தியன் பிளஸ் தொகுப்பில் மூன்று செம்பெயர்ச்சிப் பத்திகள் இருப்பது இதனால்தான். ஒன்று சூரியனை வைத்து, ஒன்று நுண்ணலைப் பின்னணியை வைத்து, மூன்றாவது அந்தந்த மண்டலத்தின் தனி ஓட்டத்தையும் கழித்து. அங்கே போகும்போது மூன்றாவதை எடுங்கள்.

இன்னொன்று: செம்பெயர்ச்சி 1.4 என்றால் அந்த மண்டலம் ஒளியைப்போல 1.4 மடங்கு வேகத்தில் ஓடுகிறது என்று பொருளல்ல. தேர்வுத்தாளில் வரும் டாப்ளர் சூத்திரத்தை இங்கே போடாதீர்கள். ஒளி கிளம்பியபோது இருந்ததைவிடப் பேரண்டம் 2.4 மடங்கு நீண்டிருக்கிறது, அவ்வளவுதான் அதன் பொருள்.

மாதிரி அட்டவணை

புதிய தாளில் மேலே ஒரு தனிக் கட்டத்தில் பொருளின் பங்கை எழுதுங்கள்: 0.3. அடுத்த கட்டத்தில் 1-இலிருந்து அதைக் கழித்தால் கரும் ஆற்றலின் பங்கு. மூன்றாவது கட்டத்தில் 4282.75. ஒளியின் வேகம் 299792.458-ஐ 70-ஆல் வகுத்து வந்த எண் இது, மெகாபார்செக்கில்.

கீழே அட்டவணை. முதல் பத்தியில் செம்பெயர்ச்சி 0-இலிருந்து 1.50 வரை 0.01 படியாக, 151 வரிசைகள். இரண்டாம் பத்தியில் விரிவு வீதம்: (1 + செம்பெயர்ச்சி)-ஐ மும்மடி ஏற்றிப் பொருளின் பங்கால் பெருக்கி, கரும் ஆற்றலின் பங்கைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். பொருள் விரிவில் நீர்த்துப் போகிறது, அதனால் மும்மடி. கரும் ஆற்றல் நீர்ப்பதில்லை, அதனால் அப்படியே நிற்கிறது. மொத்த இயற்பியலும் இந்த ஒரே கட்டத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு இங்கே நின்று விளக்குங்கள். மூன்றாம் பத்தியில் அதன் தலைகீழி, அதாவது 1-ஐ அதனால் வகுத்தது. நான்காம் பத்தியில் திரட்டு: முதல் வரிசையில் 0, அடுத்த ஒவ்வொன்றிலும் மேலுள்ள திரட்டோடு, இந்த வரிசைத் தலைகீழிக்கும் மேல் வரிசைத் தலைகீழிக்கும் சராசரியை 0.01-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். ஐந்தாம் பத்தியில் திரட்டை 4282.75-ஆல் பெருக்கினால் விரிவோடு நகரும் தொலைவு கிடைக்கும்.

சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது பங்குகள் எழுதிய கட்டங்கள் நகராமலிருக்க டாலர் குறி போட்டுப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் இரண்டாம் வரிசையிலிருந்தே வெறும் கட்டத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கும். நம் நாட்டு அமைப்பில் சூத்திரங்களுக்குள் பிரிப்பான் அரைப்புள்ளி என்பதையும் மறக்க வேண்டாம். வேற்று நாட்டுக் காணொளியைப் பார்த்துக் காற்புள்ளி போட்டால் பிழை காட்டும்.

சரிபார்க்க: செம்பெயர்ச்சி 0.5 வரிசையில் தொலைவு 1889 மெகாபார்செக்கை ஒட்டி வரவேண்டும். அதை 1.5-ஆல் பெருக்கினால் ஒளித்தொலைவு 2833. செம்பெயர்ச்சி 1-இல் ஒளித்தொலைவு 6608, தொலைவு எண் 44.10. இவை வராவிட்டால், பெரும்பாலும் மும்மடியை வர்க்கமாக எழுதியிருப்பீர்கள். தொலைவு எண் 60-ஐத் தாண்டினால் பத்தடி மடக்கைக்குப் பதில் இயல் மடக்கை போட்டிருக்கிறீர்கள்.

தரவையும் மாதிரியையும் பொருத்துவது

ஒவ்வொரு சூப்பர்நோவாவின் செம்பெயர்ச்சியும் அட்டவணையின் இரண்டு வரிசைகளுக்கு நடுவே விழும். நடுமதிப்பை நேர்கோட்டு விகிதத்தில் எடுக்க வேண்டும். இதைத் தொலைவுப் பத்தியில் செய்யுங்கள். தொலைவு எண்ணில் செய்யாதீர்கள். காரணம் இது: சிறு செம்பெயர்ச்சியில் தொலைவு ஏறக்குறைய நேர்கோடு, மடக்கையோ கடுமையாக வளைகிறது. செம்பெயர்ச்சி 0.01-இல் தொலைவு எண் 33.18, 0.02-இல் 34.70. நடுவே 0.015-க்கு இவற்றின் சராசரியை எடுத்தால் 33.94. உண்மையான மதிப்பு 34.06. பிழை கிட்டத்தட்ட 0.13, அதாவது கரும் ஆற்றலின் முழுக் குறியும் ஒரு சராசரியில் போய்விடும். தொகுப்பின் அருகிலுள்ள சூப்பர்நோவாக்கள்தான் கணக்குக்கு நங்கூரம். அங்கே தவறினால் எல்லாம் தவறும்.

தொலைவு கிடைத்ததும் (1 + செம்பெயர்ச்சி)-ஆல் பெருக்கி, தொலைவு எண்ணாக மாற்றுங்கள். தரவிலிருந்து மாதிரியைக் கழியுங்கள். இது எச்சம். இப்போது நேராகக் கை-வர்க்கம் (மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்தாமல் நிற்கிறது என்று காட்டும் எண்) போடத் தோன்றும். பொறுங்கள். ஹபிள் மாறிலி 70 என்பது நாம் எடுத்துக்கொண்டது. சூப்பர்நோவாவின் உண்மை வெளிச்சமும் அதோடு பின்னிக் கிடக்கிறது. இரண்டையும் இந்தத் தரவால் பிரிக்க முடியாது. ஆகவே ஒரு பொதுப் பெயர்வை அனுமதிக்க வேண்டும். ஒவ்வொரு எச்சத்தையும் பிழையின் வர்க்கத்தால் வகுத்துக் கூட்டுங்கள். 1 என்ற எண்ணை ஒவ்வொரு பிழையின் வர்க்கத்தாலும் வகுத்து அவற்றையும் கூட்டுங்கள். முதல் கூட்டலை இரண்டாவதால் வகுத்தால் பெயர்வு. அதை எல்லா எச்சங்களிலிருந்தும் கழித்து, பிழையால் வகுத்து, வர்க்கமெடுத்து, வந்த 580 மதிப்புகளையும் ஒன்றாகக் கூட்டினால் கை-வர்க்கம். இந்தப் படியை விட்டால், ஹபிள் மாறிலி 70-ஆ 73-ஆ என்ற வேறொரு வழக்கு உங்கள் கரும் ஆற்றல் விடைக்குள் புகுந்துவிடும்.

இனிப் பொருளின் பங்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். வகுப்பில் செய்தால் பத்துப் பிள்ளைகளுக்கு 0.1, 0.2 என்று 1.0 வரை ஆளுக்கொன்று கொடுத்து, வந்த கை-வர்க்கத்தைப் பலகையில் புள்ளியாக வைக்கச் சொல்லலாம். கிண்ணம்போல ஒரு வளைவு தோன்றும். பிறகு அடிப்பகுதியில் 0.24-இலிருந்து 0.32 வரை 0.01 படியாக. மிகக் குறைந்த மதிப்பு 0.28-ஐ ஒட்டியும், அங்கே கை-வர்க்கம் 560-ஐச் சற்றுத் தாண்டியும் வரும். 580 புள்ளிகளுக்கு இது நல்ல பொருத்தம். அடிமட்டத்திலிருந்து 1 மட்டும் ஏறும் இடங்கள் இருபுறமும் சுமார் 0.02 தள்ளி இருக்கும், அதுவே உங்கள் பிழை. அப்படியானால் கரும் ஆற்றலின் பங்கு 0.72.

1.0 வாங்கிய பிள்ளையின் எண் மற்றவர்களைவிட நூறுகளில் எகிறி நிற்கும். அது தவறல்ல என்று சொல்லிவிடுங்கள். கரும் ஆற்றல் இல்லாத தட்டைப் பேரண்டத்தை (பங்குகள் சேர்ந்து 1 ஆகும் பேரண்டம்) தரவு மறுப்பதுதான் அங்கே தெரிகிறது.

எச்ச வரைபடம்

எண்ணைவிட வரைபடமே நம்பவைக்கும். வெற்றுப் பேரண்டத்துக்கு அட்டவணையே வேண்டாம்: செம்பெயர்ச்சியோடு அதன் வர்க்கத்தில் பாதியைக் கூட்டி 4282.75-ஆல் பெருக்கினால் ஒளித்தொலைவு. தரவிலிருந்து இதைக் கழித்து, 0.1 அகலப் பிரிவுகளாகச் சேர்த்து, எடையிட்ட சராசரி (பிழை குறைந்தவற்றுக்குக் கூடுதல் எடை) போடுங்கள். தனித்தனிப் புள்ளிகளை வரைந்தால் கொசுக்கூட்டம்தான் தெரியும். ஒவ்வொன்றின் பிழையும் 0.2-ஐ ஒட்டி இருக்கையில் 0.12 எப்படித் தெரியும்? ஐம்பதைச் சேர்த்தால் பிழை 0.03 ஆகிவிடும்.

கோட்பாடு சொல்வது: சுழிக்கு மேல் எழும்பி, 0.5 பக்கத்தில் 0.12-ஐத் தொட்டு, 1-இல் 0.06-க்கு இறங்கி, 1.25 அருகே மறுபடி சுழிக்கு வரும். எழும்புவது அண்மைக்கால முடுக்கம். இறங்குவதுதான் எங்களுக்கு மிகப் பிடித்த பகுதி: அதற்கு முந்தைய காலத்தில் பொருளின் ஈர்ப்பு மேலோங்கி விரிவு தளர்ந்துகொண்டிருந்தது. தூசியால்தான் சூப்பர்நோவாக்கள் மங்குகின்றன என்றால், தொலைவு கூடக்கூட மங்கலும் கூடிக்கொண்டே போக வேண்டும், இறங்கக் கூடாது. ஆனால் செம்பெயர்ச்சி 1-க்கு மேல் இந்தத் தொகுப்பில் சூப்பர்நோவாக்கள் குறைவு. வலக்கோடியில் புள்ளிகள் ஆடும், அதைப் பார்த்துப் புதுக் கோட்பாடு எழுத வேண்டாம்.

தூசி உண்மையிலேயே தொல்லை என்பதற்கு நம் தெற்கு வானத்திலேயே சான்று உண்டு. சென்டாரஸ் ஏ மண்டலத்தின் குறுக்கே கரிய தூசிப் பட்டை, சிறு தொலைநோக்கியிலும் தெரியும். அந்த மண்டலத்தில் 1986-இல் வெடித்த ஒன்ஏ வகை சூப்பர்நோவா தூசியால் வெகுவாகச் சிவந்து மங்கியிருந்தது. இப்படிப்பட்டவற்றை நிறத்தை வைத்துத் திருத்துகிறார்கள் அல்லது தொகுப்பிலிருந்து விலக்குகிறார்கள்.

ஐந்தாம் பத்தியை என்ன செய்வது? நிறத் திருத்தத்துக்குப் பிறகும், பெரிய விண்மீன் மண்டலங்களில் வெடிப்பவை சிறியவற்றில் வெடிப்பவற்றைவிட மேக்னிட்யூட்டில் சில நூறில் பங்கு கூடுதல் ஒளி காட்டுகின்றன. எல்லை சூரியனைப்போல ஆயிரம் கோடி மடங்கு நிறை. ஏன் என்பதில் இன்னும் ஒருமித்த விடை இல்லை. யூனியன் 2.1-இன் தொலைவு எண்ணில் இந்தத் திருத்தம் ஏற்கனவே சேர்ந்திருக்கிறது. ஆர்வத்தில் நீங்களும் ஒருமுறை கழித்தால் இருமுறை திருத்தியதாகும்.

அடுத்த படி

கரும் ஆற்றல் உண்மையிலேயே நீர்க்காததா என்று சோதிக்க, இரண்டாம் பத்தியில் ஒரு மாற்றம் போதும். கரும் ஆற்றலின் பங்கை, (1 + செம்பெயர்ச்சி)-ஐ ஓர் அடுக்குக்கு ஏற்றி வருவதால் பெருக்குங்கள். அடுக்கு, 1-ஓடு நிலைச்சமன்பாட்டு எண்ணை (கரும் ஆற்றலின் அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம்) கூட்டி 3-ஆல் பெருக்கியது. அந்த எண் −1 என்றால் அடுக்கு சுழி, பழைய கணக்கே திரும்பும். −0.8, −0.9, −1.1 என்று மாற்றிப் பாருங்கள். பொருளின் பங்கையும் சேர்த்து அவிழ்த்துவிட்டால் கை-வர்க்கக் கிண்ணம் நீண்ட பள்ளத்தாக்காகிவிடும், எங்கே அடி என்று தெரியாது. சூப்பர்நோவா மட்டும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. பொருளின் பங்கை 0.3-இல் நிறுத்திவைத்துச் செய்யுங்கள், −1-ஐ ஒட்டியே வரும்.

பள்ளத்தாக்கை உடைக்க விண்மீன் மண்டலங்களின் பரவல் வேண்டும். இளம் பேரண்டத்தின் ஒலியலைகள், மண்டலங்களுக்கு இடையே சுமார் 150 மெகாபார்செக் என்ற விருப்பத் தொலைவை விட்டுச் சென்றிருக்கின்றன. அரிசோனாவின் டெசி கருவி 2025 மார்ச்சில் 1 கோடியே 40 லட்சத்துக்கு மேற்பட்ட மண்டலங்களையும் குவாசர்களையும் (தொலைதூர மண்டலங்களின் பேரொளி மையங்கள்) வைத்து இதை அளந்து வெளியிட்டது. சூப்பர்நோவாவோடும் நுண்ணலைப் பின்னணியோடும் சேர்த்தால், கரும் ஆற்றல் காலத்தோடு வலுக்குறைகிறது என்ற குறிப்பு தெரிகிறது. சேர்க்கும் சூப்பர்நோவாத் தொகுப்பைப் பொறுத்து அந்த வெளியீட்டில் அதன் வலு 2.8-இலிருந்து 4.2 சிக்மா வரை (சிக்மா கூடக்கூடத் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும்). உறுதி என்று சொல்ல இயற்பியலில் 5 கேட்பார்கள். எந்தத் தொகுப்பு என்பதே விடையை இவ்வளவு அசைப்பதால், மேலே சொன்ன நூறில் பங்கு மேக்னிட்யூட் சண்டைகள் இன்று முன்னைவிட முக்கியமாகிவிட்டன.

இந்த 150 மெகாபார்செக் அளவை ரேடியோ அலைகளில் எடுக்கும் வேலை நம் கரூவிலேயே நடக்கிறது. கார்னார்வன் பக்கத்தில் 64 கிண்ணங்களுடன் நிற்கும் மீர்கேட், மண்டலங்களைத் தனித்தனியே பார்க்காமல் அவற்றின் ஹைட்ரஜன் ஒளிர்வை மொத்தமாக வரையவும் பயன்படுகிறது. குவாஜுலு நட்டால் பல்கலைக்கழகம் தலைமை தாங்கும் ஹிராக்ஸ் திட்டம் இதற்கென்றே வடிவமைக்கப்பட்டது, 400-இலிருந்து 800 மெகாஹெர்ட்ஸ். இதையும் பிள்ளைகளே கணக்கிடலாம்: ஹைட்ரஜனின் 1420.4 மெகாஹெர்ட்ஸை, கேட்கும் அலைவெண்ணால் வகுத்து 1-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 800-க்கு 0.78, 400-க்கு 2.55 வரும். முடுக்கம் தொடங்கிய செம்பெயர்ச்சியை உங்கள் சொந்த விடையிலிருந்தே எடுத்து அதோடு ஒப்பிடுங்கள்: கரும் ஆற்றலின் பங்கை இரட்டித்து, பொருளின் பங்கால் வகுத்து, மும்மடி மூலம் எடுத்து, 1-ஐக் கழிக்க வேண்டும். 0.28-க்கு 0.73 வரும். ஹிராக்ஸ் கேட்கப்போவது, விரிவு இன்னும் தளர்ந்துகொண்டிருந்த காலத்தை.

பாந்தியன் பிளஸ் பிழை அணியை எடுக்கத் தயாரானதும் விரிதாளை விட்டுப் பைத்தான் நிரல்மொழிக்கு மாறுங்கள். அங்கே நம்பை நூலகத்தில் லாக் என்று மட்டும் எழுதினால் இயல் மடக்கை. பத்தடிக்கு லாக்10 என்று எழுத வேண்டும். பிழை அணிக் கோப்பின் முதல் வரி அணியின் அளவு, 1701. அதை நீக்காமல் படித்தால் ஒவ்வொரு எண்ணும் ஓரிடம் தள்ளி உட்காரும். யூனியன் 2.1-க்கு விரிதாளில் வந்த 0.28-ஐ முதலில் பைத்தானிலும் வரவழைத்துவிட்டு, அதன் பிறகே புதுத் தரவை ஏற்றுங்கள்.